ரிகர்வ் வில்லில் வேட்டை அம்பு: முனையையும் தண்டையும் பொருத்துவது எப்படி?

கேள்வி இதுதான்: 28 அங்குல இழுப்பில் 45 பவுண்டு தரும் ரிகர்வ் வில் (இரு நுனியும் முன்னோக்கி வளைந்த வில்), வலக்கைப் பழக்கம், அமெரிக்காவில் வெள்ளைவால் மான் வேட்டைக்கான தயாரிப்பு. கடையில் 29 அங்குலத்துக்கு வெட்டிய 400 ஸ்பைன் (தண்டின் விறைப்பைக் காட்டும் எண்) கார்பன் அம்பும் 125 கிரெய்ன் (சின்ன எடை அளவு) முனையும் கொடுத்திருக்கிறார்கள். பயிற்சி முனை போட்டால் 20 கஜத்தில் ஓரளவு குவிகிறது. அதே எடையுள்ள பிராட்ஹெட்டை (வெட்டும் தகடுள்ள வேட்டை முனை) மாட்டினால் ஒரு சாண் இடப்பக்கம் போகிறது. முனையை மாற்றுவதா, தண்டை மாற்றுவதா?

தண்டைத்தான் மாற்ற வேண்டும். பிராட்ஹெட் மேல் தப்பில்லை. தண்டில் முதலிலிருந்தே இருந்த கோளாறை அது வெளியே காட்டியிருக்கிறது, அவ்வளவுதான். உங்கள் வில்லுக்கு 400 மிக விறைப்பு. காம்பவுண்ட் வில் (கப்பி வைத்த நவீன வில்) விற்றுப் பழகிய கடைகளில் கை தானாக 400 பெட்டிக்குப் போகும். 60 பவுண்டு காம்பவுண்டுக்கு அது சரியான அளவு. நாணை விரலால் விடும் 45 பவுண்டு ரிகர்வுக்கு அது சரிப்படாது.

எவ்வளவு விறைப்பு என்பதை எண்ணிலேயே பார்த்துவிடலாம். கார்பன் தண்டை 28 அங்குல இடைவெளியில் இரண்டு முட்டுகள் மேல் வைத்து, நடுவில் 1.94 பவுண்டு (880 கிராம்) எடை தொங்கவிடுவார்கள். தண்டு 0.400 அங்குலம் தொய்ந்தால் அது 400 ஸ்பைன். எண் பெரிதானால் தண்டு இளக்கம். மரத் தண்டுக்கு வேறு கணக்கு: முட்டுகளின் இடைவெளி 26 அங்குலம், எடை 2 பவுண்டு, 26ஐத் தொய்வால் வகுத்தால் பவுண்டுக் கணக்கில் ஸ்பைன் வரும். கார்பன் தொய்வை 0.825ஆல் பெருக்கிவிட்டு 26ஐ அதால் வகுத்தால் இரண்டையும் ஒப்பிடலாம். அப்படிப் பார்த்தால் 600 என்பது ஏறக்குறைய 52 பவுண்டு, 500 என்பது 63 பவுண்டு, 400 என்பது 79 பவுண்டு. 45 பவுண்டு வில்லுக்கு 79 பவுண்டு மர அம்பை யாரும் தரமாட்டார்கள். கார்பனாக இருப்பதால் அந்த வித்தியாசம் கண்ணில் படுவதில்லை.

விரலால் விடும்போது நாண் நேராக ஓடாது, விரல் நுனியைச் சுற்றி உருண்டு பக்கவாட்டில் போய்த்தான் முன்னே வரும். அந்தத் தள்ளலில் தண்டு வளைந்து, வில்லின் பிடியைச் சுற்றி நெளிந்து வெளியேற வேண்டும். தண்டு விறைப்பாக இருந்தால் போதிய அளவு நெளியாது. வலக்கைக்காரருக்கு அம்பு இடப்பக்கம் போகும், சில சமயம் வால்பகுதி பக்கத் தகட்டில் (அம்பு ஒட்டி நிற்கும் வில்லின் பக்கவாட்டுப் பட்டை) இடிக்கவும் செய்யும். இளக்கமாக இருந்தால் வலப்பக்கம் போகும். பயிற்சி முனையில் பின்னால் இருக்கும் இறகு அந்தக் கோணலைச் சில கஜத்திலேயே இழுத்து நேராக்கிவிடும். பிராட்ஹெட்டில் முன்னாலும் இரண்டு தகடு காற்றைப் பிடிக்கிறது. கோணலாகக் கிளம்பிய அம்பை அவை அந்தக் கோணலிலேயே இழுத்துக்கொண்டு போகும்.

பெட்டியில் எழுதியிருக்கும் ஸ்பைன் தண்டு அசையாமல் கிடக்கும்போது எடுத்த அளவு. எய்யும்போது தண்டு எப்படி வளைகிறது என்பதை அந்த எண்ணோடு சேர்த்துத் தண்டின் நீளம், முன்பக்க எடை, வில்லின் வலிமை, நாணின் வகை, வில்லின் நடுக்கோட்டிலிருந்து பக்கத் தகடு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதெல்லாம் தீர்மானிக்கின்றன. முனை கனத்தால் தண்டு இளகும், தண்டை வெட்டினால் விறைக்கும். அதனால்தான் தண்டை முதலில் வாங்கிவிட்டு முனையைத் தேடுவது தலைகீழ் வேலை. அம்பின் மொத்த எடையை முதலில் முடிவு செய்யுங்கள், பிறகு முனை, கடைசியில் தண்டு.

மொத்த எடை

வில்லின் ஒவ்வொரு பவுண்டுக்கும் அம்பு எத்தனை கிரெய்ன் என்று கணக்கிடுவது வழக்கம். ஒரு கிரெய்ன் 0.0648 கிராம், ஆக 125 கிரெய்ன் என்பது 8.1 கிராம். பவுண்டுக்கு 8க்குக் கீழே போனால் வில் அதிரும், சத்தம் கூடும், மான் அம்பு வருமுன்பே குனிந்துவிடும். மானுக்கு 9 முதல் 11 நல்ல இடம். உங்கள் 45 பவுண்டுக்கு 410 முதல் 500 கிரெய்ன் வருகிறது. நான் மேல்கோடிக்கே போகச் சொல்வேன்.

காரணம் கணக்கில் இருக்கிறது. இப்படிப்பட்ட வில் 360 கிரெய்ன் அம்பை ஏறக்குறைய விநாடிக்கு 190 அடியில் அனுப்பும் என்று வைத்துக்கொள்ளுங்கள், 496 கிரெய்ன் அம்பை 168 அடியில். வேகத்தின் வர்க்கத்தை எடையால் பெருக்கி 4,50,240ஆல் வகுத்தால் ஆற்றல்: முதலாவதுக்கு 29 அடி-பவுண்டு, இரண்டாவதுக்கு 31. பெரிய வித்தியாசமில்லை. உந்தத்தில்தான் விஷயம் (எடை × வேகம் ÷ 2,25,400): 0.30 எங்கே, 0.37 எங்கே! உள்ளே போன அம்பைத் தொடர்ந்து தள்ளுவது அதுதான். இதற்கு நீங்கள் கொடுக்கும் விலை, 20 கஜத்தில் ஏறக்குறைய 5 அங்குலம் கூடுதல் இறக்கம். அந்தத் தூரத்துக்குள்தான் எய்யப்போகிறீர்கள், ஒரு வாரப் பயிற்சியில் கண் பழகிவிடும்.

எட் ஆஷ்பி ஆப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பெரிய விலங்குகளின் மேல் அம்பு பாயும் ஆழத்தைப் பல ஆண்டுகள் அளந்தவர். கனத்த எலும்பை நம்பிக்கையோடு உடைக்க 650 கிரெய்ன் வேண்டும் என்று அவர் சொன்னது இன்று பலரும் ஓதும் எண்ணாகிவிட்டது. அது எருமைக்குச் சரி. 45 பவுண்டு வில்லில் 650 ஏற்றினால் பவுண்டுக்கு 14க்கு மேல் போய்விடும், அம்பு பாதை வளைந்து வளைந்து விழும். வெள்ளைவால் மானுக்கு அது தேவையில்லை. தோள்பட்டைக்குப் பின்னால் விலாவில் எய்யும்வரை 500 தாராளம்.

முனை

45 பவுண்டுக்கு இரண்டு தகடு கொண்ட நிலையான முனைதான் என் பரிந்துரை. மூன்று தகடு முனை துளையை அகலமாக்கும், ரத்தத் தடமும் நன்றாக இருக்கும், உண்மைதான். ஆனால் அதை அரத்தின் மேல் இரண்டு விளிம்பு படும்படி வைத்து உரசும்போது விளிம்பின் மொத்தக் கோணம் 60 பாகையாக வரும். இரண்டு தகடு முனையை ஒரு பக்கத்துக்கு 20 முதல் 25 பாகை வரை தீட்டலாம். மெல்லிய விளிம்பு குறைந்த விசையில் இறங்கும். 55 பவுண்டுக்கு மேல் இழுப்பவர்களுக்கு மூன்று தகடு பிரச்சினையில்லை. எய்யும்போது விரியும் பொறிமுனைகள் பக்கமே போகாதீர்கள். விரியவே ஆற்றலைத் தின்னும், உங்களிடம் அது உபரியாக இல்லை.

அகலம் 1 முதல் 1 1/8 அங்குலம். நீளம் அகலத்தைப்போல மூன்று மடங்கு என்று அமெரிக்க வில்வேட்டைக்காரர் ஹோவர்ட் ஹில் காலத்திலிருந்தே ஒரு விகிதம் உண்டு. அது இன்னும் செல்லும். குட்டையும் அகலமுமான முனை ஆப்புபோல முட்டிக்கொண்டு நிற்கும்.

ஒரு பக்கம் மட்டும் சரிவு கொண்ட முனை (சிங்கிள் பெவல்) உள்ளே போகும்போது சுழலும். எலும்பில் மாட்டினால் அந்தச் சுழற்சி பிளக்க உதவும். இதை வாங்கினால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இடச் சரிவு முனைக்குப் பறவையின் இடச் சிறகிலிருந்து எடுத்த இறகு, வலச் சரிவுக்கு வலச் சிறகு இறகு. மாற்றிப் போட்டால் காற்றில் ஒரு பக்கம் சுழன்ற அம்பு, மானின் உடம்பில் எதிர்ப்பக்கம் சுழல வேண்டியிருக்கும், பாதி வழியில் சுழற்சி நின்று திரும்பும். இடது வலது கையோடு இதற்குச் சம்பந்தமில்லை. இறகுக்கும் முனைக்கும்தான் கணக்கு.

எடையில் 125, 145, 160, 175, 200 என்று கிடைக்கும். ஒட்டுமுனை (5 பாகைக் கூம்பில் பசையால் ஒட்டுவது) வாங்கினால் மரத் தண்டிலும் போடலாம், எஃகு அடாப்டர் வைத்துத் திருகு வகையாகவும் மாற்றலாம். 125 கிரெய்ன் ஒட்டுமுனையில் 75 அல்லது 100 கிரெய்ன் எஃகு அடாப்டர் சேர்த்தால் 200, 225 என்று ஏறிவிடும். அலுமினிய அடாப்டர் எலும்பில் வளைந்துவிடும், மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் அதுவல்ல.

முன்பக்கம் கனப்பது புதிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. 1911ல் கலிஃபோர்னியாவின் ஓரோவில்லில் வெளியே வந்த யாஹி இனத்தவரான இஷி, தன் வேட்டை அம்புகளின் முன்துண்டைத் தனியாக, கனமான மரத்தில் செய்து செருகுவார். அதன் நுனியில் எரிமலைக் கண்ணாடி முனை. அவரிடம் கற்ற மருத்துவர் சாக்ஸ்டன் போப் இதைப் பதிவு செய்திருக்கிறார். அம்பு பெரும்பாலும் முறிவது முனைக்குச் சற்றுப் பின்னால்தான், அந்த இடத்தையே உறுதியாக்கியிருந்தார்கள்.

முன்பக்கக் கனத்தை அளக்க வேண்டுமானால், முனை மாட்டிய அம்பைக் கத்தி முதுகில் வைத்து அது சமநிற்கும் இடத்தைக் குறியுங்கள். நாண் உட்காரும் காடியின் அடியிலிருந்து அந்த இடம்வரை எவ்வளவு என்று பாருங்கள். அதிலிருந்து மொத்த நீளத்தின் பாதியைக் கழித்து (நீளம் காடியின் அடியிலிருந்து தண்டின் முன்நுனிவரை, முனை சேராது), வந்ததை நீளத்தால் வகுத்து 100ஆல் பெருக்கினால் சதவீதம். 30 அங்குல நீளத்தில் 21.6 அங்குலத்தில் சமநின்றால் 22 சதவீதம். 12 முதல் 20வரை எதுவானாலும் நன்றாகவே பறக்கும். இந்த எண்ணைத் துரத்திக்கொண்டு தண்டைக் கெடுத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர். தண்டு பொருந்தாத அம்பில் 30 சதவீதம் இருந்தும் பயனில்லை.

தண்டு

கார்பனிலேயே தொடர்வதானால் 500 ஸ்பைன், 29.5 அங்குலம். அங்குலத்துக்கு 8.5 கிரெய்ன் உள்ள தண்டு என்றால் 251 கிரெய்ன். 50 கிரெய்ன் பித்தளை இன்செர்ட் (முனையைத் திருகத் தண்டுக்குள் ஒட்டும் துண்டு), 175 கிரெய்ன் முனை, நாக் (நாண் உட்காரும் காடித் துண்டு) 10, இறகு 10. மொத்தம் 496, பவுண்டுக்கு 11. மேலே சொன்ன 22 சதவீதம் இந்த அம்பின் கணக்குதான். 125 கிரெய்ன் முனையையே விடமாட்டேன் என்றால் 600 ஸ்பைன், 29 அங்குலம், சாதாரண அலுமினிய இன்செர்ட். ஆனால் மொத்த எடை 400ஐ ஒட்டித்தான் நிற்கும்.

கையிலுள்ள 400 வெட்டாமல் 32 அங்குலமாக இருந்திருந்தால் 100 கிரெய்ன் இன்செர்ட்டும் 250 கிரெய்ன் முனையும் ஏற்றி ஓரளவு வழிக்குக் கொண்டுவந்திருக்கலாம். 29க்கு வெட்டியாகிவிட்டது. இந்த வில்லுக்கு அதோடு மல்லுக்கட்டாதீர்கள். 55, 60 பவுண்டு வில் வைத்திருப்பவரிடம் கைமாற்றி விடுங்கள்.

அலுமினியத்தை இப்போது பலர் மறந்துவிட்டார்கள், அது பாரம்பரிய வில்லுக்கு மிகப் பொருத்தமான பொருள். அமெரிக்க அம்புத் தயாரிப்பாளர் டக் ஈஸ்டன் 1939ல் அலுமினிய அம்பு செய்யத் தொடங்கினார். அதன் அளவு எண்ணிலேயே எல்லாம் இருக்கிறது: 2016 என்றால் விட்டம் ஓர் அங்குலத்தின் 64ல் 20 பங்கு, குழாய்ச் சுவர் 0.016 அங்குலம். அதன் தொய்வு 0.531, அங்குலத்துக்கு 10.6 கிரெய்ன். 1916 கொஞ்சம் இளக்கம்: 0.623, 10 கிரெய்ன். உங்கள் வில்லுக்கு 29.5 அங்குலத்தில் 145 முனையோடு 1916, 175 முனையோடு 2016. இன்செர்ட், நாக், இறகு சேர்த்து முதலாவது 490 கிரெய்னுக்கும் இரண்டாவது 540க்கும் பக்கத்தில் வரும். பித்தளை இன்செர்ட் இல்லாமலே எடை வந்துவிடுகிறது பாருங்கள். குறை ஒன்று: வளைந்தால் வளைந்ததுதான். லேசான வளைவை நிமிர்த்தலாம், மடிப்பு விழுந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

எந்தத் தண்டானாலும் நீளத்தில் ஒரு எல்லை உண்டு. முழு இழுப்பில் தண்டின் முன்நுனி வில்லின் முகப்பைத் தாண்டிக் குறைந்தது முக்கால் அங்குலம் நிற்க வேண்டும். அதற்குக் குறைந்தால் பிராட்ஹெட்டின் பின்விளிம்பு வில் பிடித்த விரலைத் தொடும்.

மரத் தண்டு என்றால்

இங்கேதான் கவனம் அதிகம் வேண்டும், ருசியும் அதிகம். தென்மேற்கு ஆரிகனிலும் வடமேற்குக் கலிஃபோர்னியாவிலும் வளரும் போர்ட் ஆர்ஃபர்ட் சீடார்தான் நெடுங்காலமாகத் தண்டுக்கு முதல் தேர்வு: நேரான இழை, குறைந்த எடை, வெட்டினாலே கமகமக்கும். 1950களிலிருந்து அந்தக் காடுகளில் பரவிய வேரழுகல் நோயால் நல்ல மரம் குறைந்து விலை ஏறிவிட்டது. டக்ளஸ் ஃபர் கனமும் உறுதியும் கூடியது, வேட்டைக்கு இன்று நான் முதலில் சொல்வது அதைத்தான். சிட்கா ஸ்ப்ரூஸ் எடைக்கு மீறிய உறுதி. ஆஷ் கனத்தது, உடையாது, ஆனால் நேராக நிற்கவைப்பது பெரும்பாடு.

45 பவுண்டுக்கு 11/32 அங்குல விட்டம் போதும். ஸ்பைன் கணக்கு இப்படி: 28 அங்குலத் தண்டும் 125 கிரெய்ன் முனையும் அடிப்படை. அதற்கு மேல் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 5 பவுண்டு, ஒவ்வொரு 25 கிரெய்னுக்கும் 3 முதல் 5 பவுண்டு கூட்டுங்கள். நாண் டாக்ரான் இல்லாமல் நீளாத நவீன இழை என்றால் இன்னும் 5. நடுக்கோடுவரை வெட்டப்படாத பழைய பாணி லாங்போ (நீள்வில்) என்றால் 5 முதல் 10 குறையுங்கள். உங்களுக்கு: 45, 29 அங்குலத்துக்கு 5, 160 கிரெய்ன் முனைக்கு 5, ஆக 55. டாக்ரான் நாணோடு 55-60 கட்டு சரி. ஆனாலும் ஒரு டஜனை நேரே வாங்காதீர்கள். 50-55, 55-60, 60-65 மூன்றிலும் இரண்டிரண்டு வாங்கி எய்துபார்த்துவிட்டு வாங்குங்கள்.

வீட்டிலேயே சரிபார்க்க ஒரு பலகையில் 26 அங்குல இடைவெளியில் இரண்டு ஆணி, 2 பவுண்டு (907 கிராம்) எடையுள்ள ஏதாவது ஒன்று, ஓர் அளவுகோல் போதும். தொய்வு 0.47 அங்குலம் என்றால் 55 பவுண்டு. தண்டை உருட்டி உருட்டி அளந்தால் ஒரு பக்கம் மற்றதைவிட விறைப்பாக இருப்பது தெரியும். ஆண்டுவளையக் கோடுகள் நேராக, இணையாக ஓடும் பக்கம் பெரும்பாலும் அதுதான். அந்தப் பக்கம் வில்லின் பக்கத் தகட்டைப் பார்க்கும்படி நாக் துண்டை ஒட்டுங்கள். அப்போது காடி வளையங்களுக்குக் குறுக்காக நிற்கும், நாண் அடித்து இழையோடு பிளக்காது. மேற்பக்கமும் கீழ்ப்பக்கமும் இழை வெளியேறும் இடங்களில் அம்புக்குறிபோலக் கூரிய கோடுகள் தெரியும். மேற்பக்கக் கூர்கள் முனையை நோக்கி இருக்கட்டும். முறிந்தால் சிராய் கையைவிட்டு மேலே விலகிப் போவதற்கான பழைய வழக்கம் இது. இழை ஓரிரு அங்குலத்துக்குள்ளேயே குறுக்கே ஓடி வெளியேறும் தண்டை வேட்டைக்கு எடுக்கவே வேண்டாம்.

ஒரு கட்டுக்குள் எடை 10 கிரெய்ன், ஸ்பைன் 5 பவுண்டுக்குள் இருந்தால் போதும். வளைவை உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்தி, தேவைப்பட்டால் லேசாகச் சூடுகாட்டி நிமிர்த்தலாம். நிமிர்த்திய பிறகுதான் வார்னிஷ். நுனிக் கூம்புக்குள்ளும் ஒரு பூச்சு கொடுங்கள், ஈரம் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் ஏறுகிறது.

முனைக்கு 5 பாகை, நாக் துண்டுக்கு 11.5 பாகை, இரண்டு வேறு கூம்புகள். முனைக் கூம்பை வெட்டியதும் ஒட்டாமல் மாட்டிப் பாருங்கள்: மரம் முனையின் உட்குழியின் அடிவரை போய் முட்ட வேண்டும். விளிம்பில் மட்டும் பிடித்து உள்ளே வெற்றிடம் இருந்தால் முதல் மோதலிலேயே முனை பின்னுக்கு நழுவி மரத்தைப் பிளந்துவிடும். ஒட்டும்போது தீயை முனைக்குக் காட்டுங்கள், மரத்துக்கல்ல. சூடான முனைக்குள் வெப்பப்பசையை உருக்கிப் பூசி, திருகியபடியே தள்ளி, ஆறுமுன் சுற்றிப் பாருங்கள்: மேசை விளிம்பில் தண்டை உருட்டும்போது முனையின் நுனி ஒரே புள்ளியில் நிற்க வேண்டும். நுனி வட்டம் போட்டால் மறுபடி சூடாக்கிக் கால் சுற்று திருப்புங்கள். அப்படியும் ஆடினால் கூம்பு கோணல், வெட்டிவிட்டுப் புதிதாகக் கூம்பெடுங்கள்.

இறகில்லா அம்பு வைத்துச் சரிபார்த்தல்

கார்பனும் அலுமினியமும் இதற்கு வசதி. மரத்தில் இறகில்லாமல் எய்தால் கோணலாகக் குத்தி முறியும், அதற்குத்தான் மேலே சொன்னபடி மூன்று ஸ்பைன் கட்டிலும் வாங்கி எய்துபார்க்கும் சோதனை. இறகுள்ள அம்பு மூன்று, இறகில்லாத அம்பு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். இறகு போன இடத்தில் அதே எடைக்கு டேப் சுற்றுங்கள், இல்லையென்றால் ஒப்பீடே பொய். இறகு என்றால் பறவை இறகு. அம்பை நேரடியாக வில்லின் ஷெல்ஃபில் (பிடிக்கு மேல் அம்பு தங்கும் திட்டு) வைத்து எய்யும்போது பிளாஸ்டிக் வேன் (இறகுக்குப் பதிலான பிளாஸ்டிக் துண்டு) தட்டிக்கொண்டுதான் போகும்.

முதலில் உயரம். காடி நிற்கும் புள்ளியை ஷெல்ஃபின் செங்கோட்டிலிருந்து அரை அங்குலம் மேலே வையுங்கள், மூன்று விரலும் அம்புக்குக் கீழே பிடிப்பவர்களுக்கு இன்னும் சற்று மேலே. 10 கஜத்தில் எய்யுங்கள். இறகில்லாதது கீழே குத்தினால் புள்ளி உயரம், மேலே குத்தினால் புள்ளி தாழ்வு. ஒரு பொறி இங்கே உண்டு: புள்ளி ரொம்பத் தாழ்ந்தால் வால் ஷெல்ஃபில் பட்டுத் துள்ளி, புள்ளி உயர்ந்ததுபோலவே காட்டும். சந்தேகம் வந்தால் வேண்டுமென்றே உயர்த்தி வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி வாருங்கள்.

உயரம் சரியான பிறகே பக்கவாட்டு. வலக்கைக்காரருக்கு இறகில்லாத அம்பு இடப்பக்கம் விழுந்தால் தண்டு விறைப்பு, வலப்பக்கம் என்றால் இளக்கம். விறைப்பானால் முனை எடையை 25 கிரெய்ன் கூட்டுங்கள். இளக்கமானால் தண்டை கால் அங்குலம், அதற்கு மேல் ஒரு நூல்கூட அல்ல, வெட்டி மறுபடி எய்யுங்கள். வெட்டியதை ஒட்ட முடியாது என்பதால் முதலில் வாங்கும்போதே ஓர் அங்குலம் நீளமாக வாங்குவது வழக்கம். இதிலும் ஒரு பொய்க் குறி உண்டு. ரொம்ப விறைப்பான தண்டு பக்கத் தகட்டில் மோதி வலப்பக்கம் எகிறி, இளக்கமானதுபோல நடிக்கும். ‘இளக்கம்’ என்று நினைத்து வெட்ட வெட்ட நிலைமை மோசமாகிறதென்றால் இதுதான். டக்கென்ற மோதல் சத்தமும் பக்கத் தகட்டில் தேய்ந்த தடமும் காட்டிக்கொடுக்கும்.

பக்கத் தகட்டின் தடிமனும் ஒரு கருவி. மெல்லிய தோலாக மாற்றினால் அம்பு நடுக்கோட்டை நெருங்கும், சற்று இளக்கமாக நடந்துகொள்ளும். தடிப்பாக்கினால் எதிர்மாறு. நூலளவு வித்தியாசத்துக்கு இது போதும், ஒரு சாண் வித்தியாசத்துக்குப் போதாது.

10 கஜத்தில் கூடியபின் 20க்குப் போங்கள். அங்கே இறகில்லாதது மூன்று நான்கு அங்குலத்துக்குள் இருந்தால் நிறுத்திவிடலாம். அதற்குமேல் தேடினால் உங்கள் விடுகையின் குறைகளைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள். கடைசியாக பிராட்ஹெட்டைப் பயிற்சி முனையோடு ஒப்பிட்டு எய்யுங்கள். பிராட்ஹெட் நீளமானதால் எடை இன்னும் முன்னே போய்த் தண்டு சற்றே இளகும், ஆகவே லேசான விறைப்புப் பக்கம் விட்டுவைப்பது நல்லது. பயிற்சிக்கு எய்த பிராட்ஹெட்டை மறுபடி தீட்டாமல் காட்டுக்கு எடுத்துப் போகக்கூடாது.

தீட்டும்போது அரத்தை ஒரே கோணத்தில் பிடித்து, விளிம்பின் மறுபக்கம் முழுநீளமும் மெல்லிய பிசிர் கையில் தட்டுப்படும்வரை தேயுங்கள். பிறகு மறுபக்கம். அதன்பின் மென்கல், கடைசியில் பாலிஷ் பூசிய தோலில் இழுப்பு. ஒற்றைச் சரிவு முனையில் சரிவுப் பக்கம் மட்டும்தான் வேலை, தட்டைப் பக்கத்தில் பிசிரை எடுத்தால் போதும். இழுத்துப் பிடித்த ரப்பர் பேண்டில் மெல்லத் தொட்டால் அறுந்து தெறிக்க வேண்டும். அழுத்தினால்தான் அறுகிறது என்றால் இன்னும் வேலை இருக்கிறது. நுனியை ஊசிபோல மெலிய விடாதீர்கள், எலும்பில் பட்டதும் சுருண்டுவிடும். விளிம்பில் ஒரு தடவல் வாசலின் துருவைத் தடுக்கும்.

சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கொலராடோவில் வில் குறைந்தது 35 பவுண்டு, முனை குறைந்தது 7/8 அங்குல அகலம், இரண்டு எஃகு விளிம்பு இருக்க வேண்டும். ஆக இஷியின் கண்ணாடி முனை அங்கே செல்லாது. பின்புறம் கொக்கிபோல வளைந்த முனைகளைச் சில இடங்களில் தடை செய்திருக்கிறார்கள். அந்தந்த ஆண்டின் விதிப்புத்தகத்தைப் பார்த்துவிட்டே முனை வாங்குங்கள். ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு: இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். இலக்குப் பயிற்சிக்கு இதே ஸ்பைன் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

கார்பன் தண்டை ஒவ்வொரு முறை எய்யுமுன்பும் இரு கையாலும் லேசாக வளைத்து, சுற்றிச் சுற்றிக் காதைக் கொடுங்கள். ‘கிறீச்’ என்று ஒரு சின்னச் சத்தம் வந்தாலும் அந்தத் தண்டை அங்கேயே முறித்துப் போட்டுவிடுங்கள். எய்யும்போது உடைந்தால் சிம்பு நேரே வில் பிடித்த கைக்குள் இறங்கும். மானுக்குள் கார்பன் தண்டு முறிந்திருந்தால், துளையைச் சுற்றியுள்ள இறைச்சியைத் தாராளமாக வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை எடுங்கள். அந்த நார்கள் கண்ணுக்குத் தெரியாத மெல்லிசு, கழுவினால் போகாது.